கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தி

சித்தாண்டியில் நாங்கள் போக வேண்டியிருந்த கலியாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். அது எங்களுக்குத் தெரிய வந்தபோது நாங்கள் பட்டுச் சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, பெண் வீட்டுக் கேற்றடியில் நின்றுகொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் நானும் என் மச்சாளும். மச்சாள் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்களின் பொறுப்பு. அந்த வழக்கப்படி என் கணவர் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஊரில் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனாலும் மச்சாள் அந்த நாளை இன்றுவரை "எங்கட தம்பியக் கொண்டு போன நாள்" என்றுதான் குறிப்பிடுவார். ஏதோ வெள்ளம் வந்து கொண்டு போன மாதிரி.

திகதியை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு மச்சாளுடையது. "மாசக் கடைசி ஞாயிறு" என்று பெண் வீட்டார் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அந்த மாதத்தில் ஐந்து ஞாயிறு வந்ததை மச்சாள் கவனிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு நான்கு ஞாயிறு போதும் என்பது அவரது எண்ணம்.

என் கணவருக்கு அன்று வட்டைக்குள் வேலை. வயலுக்குத் தண்ணீர் கட்டும் முறை அவருடையது என்று சொல்லி, சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு விடியவே போய்விட்டார். மச்சாளின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, முழங்கால் வலி. அது கலியாண வீடுகளுக்கு மட்டும் வருகிற வலி. செத்த வீடுகளுக்கு நன்றாக நடப்பார். ஆகவே நாங்கள் இருவர் மட்டும் புறப்பட்டோம். கூடவே ஒரு பெரிய பெட்டி, பளபளவென்று சிவப்புக் கடதாசி சுற்றியது. உள்ளே சோறு சமைக்கும் கரண்டுச் சட்டி. கல்லடியிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து வாழைச்சேனை பஸ். இரண்டாவது பஸ்ஸில் ஒரு பொடியன் எழும்பி மச்சாளுக்கு இடம் கொடுத்தான். மச்சாள் அதில் பெட்டியை வைத்துவிட்டு சித்தாண்டி வரைக்கும் நின்றுகொண்டு வந்தார்.

கேற்றடியில் வாழைமரம் கட்டியிருக்கவில்லை. பந்தலும் இல்லை, பாட்டும் இல்லை. பெண்ணின் தகப்பன் ஏணியில் நின்று சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்.

"கலியாணம் மண்டபத்தில போல," என்றார் மச்சாள்.

"மச்சாள், அவரு பெயின்ற் அடிக்கிறாரு."

"கடைசி நேர வேல கிடக்கும்தானே."

அப்போது மணப்பெண் வெளியே வந்தாள். நைற்றி போட்டிருந்தாள். தலையிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கையில் சம்பல் வைத்து மடித்த பாண் துண்டு. எங்கள் சேலையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

பெண்ணின் தாயைப் போல மரியாதை தெரிந்த ஒருவரை நான் கண்டதில்லை. "வாங்க வாங்க, இரிங்க" என்று கதிரை எடுத்துப் போட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. மழை வருமா, வராதா என்று கதைத்தோம். ஒரு பூச்சு அடித்தால் போதுமா, இரண்டு அடிக்க வேணுமா என்று கதைத்தோம். கலியாணம் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அது நடுவில் உட்கார்ந்திருந்தது, பெட்டிக்குப் பக்கத்தில்.

கடைசியில் மச்சாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முருகன்ட கோயிலுக்கு எண்டு வந்தம். வந்த காலோட உங்களையும் ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டுதான்."

"நல்ல வேல செஞ்சீங்க," என்றார் பெண்ணின் தாய். அவருடைய கண் தன் பாட்டுக்குப் பெட்டியில் போய் நின்றது.

"அது வேற ஒரு இடத்துக்கு," என்றார் மச்சாள்.

"ஓம் ஓம். அடுத்த ஞாயிறு கட்டாயம் வந்திரோணும், என்ன?"

"வராம விடுவமா? வேளைக்கே வந்திருவம்."

ஏணியில் நின்ற மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கனநேரம் இருமினார். பெயின்ற் வாசம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மச்சாள் பிறகு எனக்கு விளக்கினார். அடுத்த ஞாயிறு அதே பெட்டியை நீலக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோனோம். அந்தப் பிள்ளை அதை முதல் தடவை காண்பதுபோல வாங்கிக்கொண்டாள். நல்ல வளர்ப்பு.

அன்று தெருவுக்கு வந்ததும் மச்சாள் சொன்னார்: "அவங்க திகதிய மாத்திப்போட்டு நமக்குச் சொல்லல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் இவ்வளவு காலம் நான் தாக்குப்பிடித்தது இப்படித்தான்.

"வீட்ட போவமா மச்சாள்?" என்று மட்டும் கேட்டேன்.

"போய்?"

நான் யோசித்தேன். அன்று சமைக்கவில்லை. மச்சாள் வீட்டிலும் சமைக்கவில்லை. அத்தானைக் கடையில் சோற்றுப் பார்சல் எடுக்கச் சொல்லியாகிவிட்டது.

"போனா உலை வைக்கோணும்," என்றார் மச்சாள். "மறுகா ஏன் இவ்வளவு வேளைக்கு வந்த எண்டு கேப்பாங்க. அதுக்கும் மறுமொழி சொல்லோணும். நாம பின்னேரம் வரைக்கும் கலியாண வீட்டிலதானே கா நிக்கிறம்?"

நியாயமாக இருந்தது.

முதலில் முருகன் கோயிலுக்குப் போனோம். சாமியின் பேரைச் சொல்லிப் பொய் சொல்வது மச்சாளுக்கு ஒத்துவராது. போய்விட்டால் அது பொய்யில்லை. பெட்டியைச் செருப்போடு வெளியே வைக்க மனமில்லாமல், ஒருவர் பெட்டியோடு நிற்க மற்றவர் உள்ளே போய்க் கும்பிட்டோம். வெளியே வந்தபோது ஒரு ஆட்டோ, ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மச்சாள் கையைக் காட்டினார். அந்தச் சேலையோடு இன்னொரு பஸ் ஏற அவர் தயாரில்லை.

ஆட்டோக்காரர் ஏறாவூர் ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. முன் கண்ணாடியில் கட்டார் நாட்டுக் கொடி ஒட்டியிருந்தது. எங்களைப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கலியாண ஊடா அக்கா?" என்றார்.

"ஓம் நானா," என்றார் மச்சாள். முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஒங்கட மகளுக்கா?"

"ஓம்."

நான் மச்சாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்கு மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவன் களுவாஞ்சிக்குடியில் பெண்சாதி வீட்டில் இருக்கிறான். அடுத்தவன் வாழைச்சேனையில் பெண்சாதி வீட்டில். கடைசி கொழும்பில் வேலை. அவனுக்கும் எங்கேயோ ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கும் என்பது மச்சாளின் கணிப்பு. "உனக்கென்ன கா, மூண்டும் பொடியன், வீடு கட்டுற கரச்சல் இல்ல" என்று ஊரில் எல்லாரும் அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

"மாப்புள என்ன செய்றாரு?" என்றார் ஆட்டோக்காரர்.

"எஞ்சினியர்," என்றார் மச்சாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்ப மண்டபம் எங்க? எவடத்த விடுற?"

"கலியாணம் பின்னேரம்தான். அதுக்குள்ள எங்களுக்குக் கொஞ்சம் இடம் பாக்கக் கிடக்கு."

"என்ன இடம்?"

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் காலத்தை ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளையையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. "கோட்டைக்குப் போவம்," என்றேன்.

மகளின் கலியாண நாளில் கோட்டை பார்க்கப் போகும் தாயைப் பற்றி ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. "போவமே," என்றார். "ஆனா வழியில என்ட ஊட்டுக்கு ஒருக்காப் போய்ட்டுப் போகணும். இந்த மீன் பழுதாப் பெய்த்திரும்." காலடியில் ஒரு பையில் மீன் இருந்தது. எனக்கு அதுவரை அந்த வாடை மச்சாளின் வாடிய பூவிலிருந்து வருகிறது என்ற எண்ணம்.

ஏறாவூரில் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி நிறுத்தினார். ஒரே வளவுக்குள் வரிசையாக மூன்று வீடு. மூன்றுக்கும் ஒரே ஜன்னல், ஒரே நிறம். நான்காவது வீடு ஜன்னல் மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது. கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"நாலு பொம்புளப்புள்ளயள்," என்றார் ஆட்டோக்காரர். "மூணு ஊடு கட்டார்ல இருந்து கட்டின. நாலாவது ஆட்டோவுல இருந்து கட்டுற. அதான் மெதுவா எழும்புது."

அவருடைய மனைவி எங்களை விடவில்லை. கலியாணப் பெண்ணின் தாய் வாசல் வரைக்கும் வந்துவிட்டு வாய் இனிக்காமல் போகக்கூடாது என்றார். வட்டிலப்பம் கொண்டுவந்தார். கருப்பட்டி நிறத்தில், மேலே முந்திரிப் பருப்புப் போட்டு, கரண்டி வைத்ததும் நடுங்கியது. நான் ஒரு துண்டோடு நிறுத்த நினைத்தேன். பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன். மச்சாள் சாப்பிட்டுக்கொண்டே எழும்பி, மூன்று வீட்டையும் சுற்றிப் பார்த்தார். குசினி ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர்த் தாங்கியை வேறு பக்கம் வைத்திருக்கலாம் என்றார்.

"ஒங்கட மகள்ர ஊடு முடிஞ்சிட்டா?" என்று ஆட்டோக்காரரின் மனைவி கேட்டார்.

"முடிஞ்சு. மூண்டு அறை. பெரிய குசினி, பின்னுக்கு விறகடுப்பு வேற. முன்னுக்கு நீட்டா ஒரு விறாந்தை. தரைக்கு மாபிள் போடல்ல, வழுக்கும் எண்டு நாந்தான் வேணாமெண்ட. எங்கட வீட்டுக்கும் அவட வீட்டுக்கும் நடுவுல வேலி கூட இல்ல."

அவர் மகளின் பேரையும் சொன்னார். நல்ல பேர். ஒரு நிமிஷம் எனக்கே அந்தப் பிள்ளையைத் தெரியும் போல இருந்தது.

அங்கிருந்து கோட்டைக்குப் போனோம். கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக அது எங்களிடம் வந்தது. நாங்கள் உள்ளே மேசை போட்டுக் கோப்பு வைத்தோம். மட்டக்களப்பில் என் வயதுக்காரர் எல்லாரும் ஏதாவது ஒரு விண்ணப்பத்தோடு அந்த வாசலால் நுழைந்தவர்கள்தான். அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு போனேன். வெறுங்கை என்று சொல்ல முடியாது. பெட்டி இருந்தது.

வாசலில் நின்ற காவலாளி, "என்ன விசயம்?" என்றார்.

"பாக்க வந்த," என்றேன்.

"ஆர?"

"கோட்டைய."

அவர் எங்கள் சேலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பாருங்க," என்றார். வேறு என்ன சொல்வார்?

மதில் மேலே ஏறினோம். ஆட்டோக்காரரும் கூடவே வந்தார். பெட்டியைத் தான் தூக்குவதாக வாங்கிக்கொண்டார். வாவி வெயிலில் தகரம் போலக் கிடந்தது. பீரங்கிகள் அதைப் பார்த்தபடி இருந்தன. நான் சொல்ல ஆரம்பித்தேன், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு, யார் யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்று. வகுப்பில் சொல்வதுதான். இடத்தைப் பார்த்துச் சொல்லும்போது சில திசைகள் மாறியிருந்தன. வகுப்பில் எத்தனை ஆண்டு கிழக்கை மேற்கு என்று சொல்லியிருக்கிறேனோ.

"கட்டார்ல இதவிடப் பெரிசு இரிக்கி," என்றார் ஆட்டோக்காரர். "உள்ளுக்குள்ள ஏசி."

"எத்தின வருசம் பழசு?" என்றேன்.

"நான் இரிக்கக்குள்ளதான் கட்டின."

அப்போது தெற்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு கூட்டம் மேலே வந்தது. இளம் பெண்கள் நாலைந்து பேர். எங்களைக் கண்டதும் தங்களுக்குள் சிங்களத்தில் ஏதோ பேசினார்கள். பிறகு ஒருத்தி தொலைபேசியைக் காட்டி, சிரித்து, படம் எடுக்கலாமா என்று கையால் கேட்டாள். மச்சாள் பூவைச் சரிசெய்துகொண்டு பீரங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்னையும் இழுத்தார். ஆட்டோக்காரர் விலகப் பார்த்தார். அவர்கள் விடவில்லை. பெட்டியோடு அவரையும் நடுவில் நிறுத்தினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து எங்களோடு நின்று படம் பிடித்தார்கள். மாத்தறையிலோ காலியிலோ சில வீடுகளில், மட்டக்களப்புக்காரர் கோட்டைக்கு இப்படித்தான் உடுத்துக்கொண்டு போவார்கள் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து எங்கே என்றபோது மச்சாள், "சாப்பாடு," என்றார். ஆரையம்பதிக்குக் கிட்ட வாவியோரமாக ஒரு கடை தனக்குத் தெரியும் என்றார் ஆட்டோக்காரர். அதற்குக் கல்லடிப் பாலத்தைத் தாண்டி எங்கள் தெருவழியாகத்தான் போக வேண்டும். இதை நாங்கள் யோசிக்கவில்லை.

பழைய இரும்புப் பாலத்துக்கு முன்னால் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். "மீன் பாடுற இடம். பாக்கவா?"

"நடுப்பகல்ல பாடாது," என்றேன். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். நான் அந்தப் பாலத்துக்குக் கிட்டத்தான் பிறந்து வளர்ந்தேன். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. வெளியூர் ஆட்கள் கேட்டால் மட்டும் கேட்டிருக்கிறேன் என்று சொல்வேன்.

"அப்ப நேரா போ நானா, கெதியா," என்றார் மச்சாள். எங்கள் சந்தி வந்துகொண்டிருந்தது. இருவரும் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு குனிந்தோம். என் கணவரின் மோட்டார் சைக்கிள் பலசரக்குக் கடைக்கு முன்னால் நின்றது. வட்டைக்குள் வேலை என்று போன மனிதர், கடை வாங்கில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். நாவற்குடாவில் மச்சாள் வீட்டு ஒழுங்கையையும் அப்படியே தாண்டினோம். அங்கே அத்தான் முழங்கால் வலியோடு ஒழுங்கை முனை வரைக்கும் நடந்து வந்து யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். கையை வீசி வீசிக் கதைத்தார். மச்சாள் முந்தானைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஆரும் தொரத்துறாங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வெயில்," என்றார் மச்சாள்.

கடை நாலு கம்பும் தகரமும்தான். பின்னால் வாவி. ஒரு அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். சிவப்பரிசிச் சோறு, வாவி நண்டுக் குழம்பு, முருங்கையிலை வறை, சின்னஞ்சிறு இறாலைக் காயவைத்த கூனியில் இடித்த சம்பல். நண்டு முறிக்காமல் சாப்பிட முடியாது. பட்டுச் சேலையோடு நண்டு முறிக்கவும் முடியாது. மச்சாள் சேலையையும் நண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆட்டோக்காரரிடம், "மழைக்கோட் கிடக்கா நானா?" என்றார்.

கிடந்தது. மஞ்சள் நிறம். கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டி, கையை மடித்து, மச்சாள் நண்டுக்குள் இறங்கினார். எனக்குக் கடைக்கார அம்மா ஒரு குளியல் துவாயைக் கழுத்தில் கட்டிவிட்டார். வெயில் கொளுத்தியது. மச்சாளின் முகத்தால் வேர்வை ஓடியது. அவர் ஒரு காலைக்கூட விடவில்லை. ஓட்டை உறிஞ்சி, விரலை நக்கி, இன்னொரு கரண்டிக் குழம்பு கேட்டார். நான் பல கலியாண வீடுகளில் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். அங்கேயெல்லாம் அவர் உப்பு, புளி என்று ஏதாவது ஒரு குறை சொல்லுவார். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

"நல்லாக் கிடக்கு," என்றார் கடைசியில். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு, கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். அங்கே கோயிலில் கல் மாடு ஒன்று இருக்கிறது. அந்நிய ஆட்சிக் காலத்தில் ஒரு தளபதி வந்து, "இந்தக் கல்லு புல்லுத் தின்னுமோ?" என்று நக்கலாகக் கேட்டானாம். மாடு எழும்பிப் புல்லைத் தின்று, சாணமும் போட்டதாம். அவன் ஓடிவிட்டானாம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தச் சாணம்தான். தின்றதோடு நிறுத்தியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மச்சாள் மாட்டுக்கு முன்னால் கனநேரம் நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கோயிலில் நிழல் இருந்தது, காற்றும் இருந்தது. பிரகாரத்தில் முந்தானையை விரித்து இருவரும் இருந்தோம். நண்டும் சோறும் சேர்ந்து கண்ணைச் சொருக வைத்தன.

வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"அக்கா, பின்னேரமாப் பெய்த்து. பொண்ணுட தாய் இங்க நிண்டா மறுகா அங்க ஆரு வேல பாக்குற? மண்டபம் எங்கெண்டு சொல்லுங்க, நான் பறந்து கொண்டுபோய் உடுறன்." பிறகு பின் இருக்கையைக் காட்டினார். அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தயிர்ச் சட்டி, வாய்க்குக் கடதாசி கட்டி இருந்தது. "படுவான்கரைத் தயிர். இது என்ட பங்கு. மகளுக்குக் குடுங்க. ஒரு தகப்பன் தந்தாரெண்டு சொல்லுங்க."

மச்சாள் சட்டியைப் பார்த்தார். வாய்க்குக் கட்டியிருந்த கடதாசியை விரலால் நீவிவிட்டார்.

"நானா," என்றார். "எனக்கு மகள் இல்ல. மூண்டும் பொடியன்."

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப இந்தக் கலியாணம்?"

"அது வேற ஆக்கள்ற. அடுத்த ஞாயிறு. நாங்க திகதி பிழையா வந்திட்டம்." பிறகு மச்சாள் இன்னும் ஒன்று சொன்னார். "நாந்தான் பிழையா நெனச்ச."

அது அவர் வாயிலிருந்து வந்ததை நானும் கேட்டேன், ஆட்டோக்காரரும் கேட்டார், கல் மாட்டுக்கும் கேட்டிருக்கும். வேறு சாட்சி இல்லை. இப்போது கேட்டால் மறுப்பார்.

ஆட்டோக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப அந்த ஊடு?" என்றார்.

"என்ன வீடு?"

"மூணு அறை, பெரிய குசினி. வேலி இல்லாம."

"அதுவும் இல்ல."

"அட," என்றார். மகள் இல்லை என்பதைவிட வீடு இல்லை என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது போலத் தெரிந்தது. "நல்ல ஊடா இரிந்திச்சே."

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஆட்டோவை எடுத்தார். தயிர்ச் சட்டியை நான் மடியில் வைத்திருந்தேன். மண்முனைப் பாலத்துக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினார். பாலத்தில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று சேலையை அள்ளியது.

"இந்தச் சட்டிய என்ன செய்ற?" என்றார்.

"நீங்க வீட்ட கொண்டு போங்க நானா," என்றேன்.

"அங்க ஆரு தின்ற? குடுக்க எண்டு வாங்கினத நான் திருப்பிக் கொண்டு போக மாட்டன்." ஆட்டோவுக்குள் தேடினார். தேத்தண்ணிக்கு வைத்திருந்த சீனி போத்தல் ஒன்றும், எங்கேயோ சாப்பாட்டுப் பார்சலோடு வந்த பிளாஸ்ரிக் கரண்டிகளும் எடுத்தார். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சட்டியை வைத்துக் கடதாசியை அவிழ்த்தார். தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகியிருந்தது. மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். சாப்பாட்டுக் காரியத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. இதைவிட நல்ல தயிர் நான் சாப்பிட்டதில்லை.

"மூணு பொடியன் எண்டா நீங்க ராசாத்தி," என்றார் ஆட்டோக்காரர். "கட்டுற வேல இல்ல."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. மூண்டு பேரும் ஒவ்வொரு வீட்டில. வந்தா விருந்தாளி மாதிரி. தேத்தண்ணி குடிச்சிட்டு, போறம் எண்டு எழும்புறானுகள்." மச்சாள் இன்னொரு கரண்டி எடுத்தார். "உங்களுக்கு நாலும் பக்கத்தில."

"இப்ப பக்கத்தில. ஊடு எழும்பக்குள்ள நான் எங்க இங்க இரிந்த? மூத்தவ நடக்கிறத நான் போட்டோவுல தான் பாத்த. ரெண்டாவது புள்ள, விமான நிலையத்தில என்னக் கண்டு அழுது. ஆரோ தாடிக்காரன் எண்டு."

மச்சாள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தார். "தின்னுங்க நானா."

ஒரு தூண்டில்காரர் ஒரு சின்ன மீனைத் தூக்கினார், பார்த்தார், திரும்பத் தண்ணீரில் போட்டார். வாவிக்கு அந்தப் பக்கம் சூரியன் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டாரில் சூரியன் இதைவிடப் பெரிது என்றார் ஆட்டோக்காரர். சூரியன் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று மச்சாள் சொன்னார். அதை வைத்து இருவரும் கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டார்கள். வரலாற்று ஆசிரியை என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் வாயில் தயிர் இருப்பதாகக் காட்டினேன்.

அப்போது மச்சாளின் தொலைபேசி அடித்தது. கொழும்பில் இருக்கும் கடைசி மகன். அவன் கிழமையில் ஒரு தடவைதான் எடுப்பான். அந்த அழைப்புக்காக மச்சாள் வழக்கமாக எல்லா வேலையையும் விட்டுவிட்டுக் காத்திருப்பார். பாலத்துக் காற்றில் அவன் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அம்மா, எங்க நிக்கிறீங்க? என்ன இந்தச் சத்தம்?"

"பாலத்தில."

"என்ன பாலத்தில? தனியவா? என்ன செய்றீங்க?"

"தயிர் தின்றன்," என்றார் மச்சாள். "மறுகா எடு மனே. முடிஞ்சிரும்."

தொலைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழிக்க ஆரம்பித்தார்.